ரிசைன் பண்ணச் சொன்னால் முதலில் பேனாவைக் கீழே வையுங்கள்

எனக்கு அது ஒரு வியாழக்கிழமை மதியம் நடந்தது. சாப்பிட்டுவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தால் காலண்டரில் ஒரு மீட்டிங் அழைப்பு, என்ன விஷயம் என்று ஒரு வரிகூட இல்லை. போய்ப் பார்த்தால் என் மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு எச்.ஆர். அம்மா, மேசையில் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூ பெட்டியும். அந்த டிஷ்யூ பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும், ரெண்டு மாசச் சம்பளமும் தர்றோம். இல்லைன்னா டெர்மினேட் பண்ண வேண்டி வரும், அப்புறம் வேற எங்கேயும் சேர முடியாது." மொத்தம் இருபது நிமிடம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதே வாரம் அதே அறைக்குள் போன என் டீம்காரர் ஒருவர் போடவில்லை, "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டார். கடைசியில் அவருக்கும் வேலை போனது, ஆனால் கம்பெனி அவருக்குக் கொடுத்த தொகை எனக்குக் கொடுத்ததைப் போல நான்கு மடங்கு. இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே அனுபவம். அவர் கையில் இருந்தது கம்பெனி கொடுத்த கடிதம், என் கையில் இருந்தது நானே எழுதிக்கொடுத்த கடிதம்.

அதற்குப் பிறகு இந்தச் சட்டங்களைத் தேடிப் படித்து, பத்துப் பதினைந்து பேரோடு தொழிலாளர் அலுவலகப் படி ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கானது இது. நான் வக்கீல் இல்லை, உங்கள் ஆஃபர் லெட்டரை ஒரு வக்கீலோ தொழிற்சங்கக்காரரோ ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

ஏன் உங்களையே எழுதித் தரச் சொல்கிறார்கள்?

நாம் லே-ஆஃப் என்று சொல்வதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் ஆட்குறைப்பு. சட்டம் 'லே-ஆஃப்' என்று சொல்வது வேறு விஷயம்: கரண்ட் இல்லை, சரக்கு இல்லை, இயந்திரம் கெட்டுவிட்டது என்று தற்காலிகமாக வேலை தராமல் வைத்திருப்பது, அதற்குப் பாதிச் சம்பளம் என்று தனிக் கணக்கு. மனு எழுதும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

தண்டனையாக இல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி ஒருவரை வேலையை விட்டு எடுத்தால் அது ஆட்குறைப்பு. "எந்தக் காரணமாக இருந்தாலும்" என்றுதான் சட்டமே சொல்கிறது. ப்ராஜெக்ட் முடிந்தது, ப்ராஜெக்ட் இல்லாமல் பென்ச்சில் இருக்கிறார், செலவைக் குறைக்கிறோம், ஏ.ஐ. வந்துவிட்டது, ரேட்டிங் சரியில்லை, இவை எல்லாமே இதற்குள் அடங்கும். அடங்கினால் கம்பெனி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், யாரை முதலில் எடுப்பது என்ற வரிசையைப் பின்பற்ற வேண்டும். ராஜினாமா இதற்குள் வராது. நீங்கள் 'தனிப்பட்ட காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்த நிமிடம் இத்தனை கடமையும் கம்பெனியின் தலையிலிருந்து இறங்கிவிடும். ரிலீவிங் லெட்டர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உங்களைப் பற்றி அவ்வளவு அக்கறைப்பட்டதன் விலை அதுதான்.

அந்த அறைக்குள் என்ன செய்வது

சண்டை போடாதீர்கள். அழுகை வந்தால் வரட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கையெழுத்து வேண்டாம், அவர்கள் லேப்டாப்பில் திறந்து வைத்திருக்கும் பக்கத்தில் 'சப்மிட்' பட்டனையும் அமுக்க வேண்டாம். "நான் ரிசைன் பண்ண விரும்பவில்லை. கம்பெனியின் முடிவு எதுவோ அதை எழுத்தில் கொடுங்கள், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்." இந்த இரண்டு வாக்கியம் போதும். பத்து முறை கேட்டால் பத்து முறையும் இதையே சொல்லுங்கள். கதவைப் பூட்டி வைத்து யாரும் உங்களை உட்கார வைக்க முடியாது.

அன்று மாலையே ஒரு மெயில் போட்டாக வேண்டும். நான் பார்த்தவரையில் பின்னால் மிக அதிகமாக உதவுவது இந்த மெயில்தான், காரணம், அந்த அறைக்குள் நடந்ததற்கு வேறு சாட்சி இருக்காது. ஆஃபீஸ் மெயிலிலிருந்து எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் அனுப்பி, உங்கள் சொந்த மெயிலுக்கு ஒரு பிரதி போடுங்கள். ஆஃபீஸ் மெயிலை முடக்கிவிட்டால் சொந்த மெயிலிலிருந்தே அனுப்பலாம். இப்படி இருந்தால் போதும்:

"இன்று மதியம் 3 மணிக்கு நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், செய்யாவிட்டால் பணிநீக்கம் செய்வோம் என்றும் சொன்னீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. நான் வேலையில் தொடரத் தயாராக இருக்கிறேன். என் பணி தொடர்பாக நிறுவனம் முடிவு ஏதும் எடுத்திருந்தால் அதைக் காரணத்துடன் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கோபத்தைக் காட்டுவதற்கான இடம் இது இல்லை. 'தொடரத் தயாராக இருக்கிறேன்' என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், "அவரே வராமல் நின்றுவிட்டார்" என்று பின்னால் கதை கட்டுவதை அதுதான் தடுக்கும். மறுநாள் வழக்கம்போல ஆஃபீஸுக்குப் போங்கள். ஐ.டி. கார்டு வேலை செய்யவில்லை என்றால் வாசலில் நின்றபடியே இன்னொரு மெயில் தட்டுங்கள், செக்யூரிட்டி உள்ளே விடவில்லை என்று, நேரத்தோடு.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? என்னைப் போல வருஷக்கணக்கில் உட்கார்ந்து புலம்பாமல் அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாளே, "கட்டாயத்தின் பேரில் கொடுத்தேன், திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதி அனுப்புங்கள். ராஜினாமா நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்னால் அதைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் பொதுவான விதி. மிரட்டி வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று வாதாடவும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஒரு வாரம் தள்ளிப் போனாலே "அப்போது ஏன் சும்மா இருந்தீர்கள்?" என்ற கேள்வி வரும். தொகையை வாங்கிச் செலவழித்த பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ரொம்பவே கஷ்டம்.

நீங்கள் 'தொழிலாளி'தானா?

இதைக் கேட்டதும் பாதிப் பேர் "நான் சீனியர் கன்சல்டன்ட், அசோசியேட் மேனேஜர், எனக்கெல்லாம் தொழிலாளர் சட்டம் பொருந்தாது" என்று எழுந்து போய்விடுகிறார்கள். விசிட்டிங் கார்டில் உள்ள பட்டத்தைச் சட்டம் பார்ப்பதில்லை, காலையிலிருந்து மாலை வரை நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கும். கோடு எழுதுவது, டெஸ்ட் பண்ணுவது, டிக்கெட் மூடுவது, டிசைன் வரைவது எல்லாம் தொழில்நுட்ப வேலை, திறன் சார்ந்த வேலை. இதைச் செய்பவருக்கு மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம் என்றாலும் அவர் தொழிலாளிதான். சம்பள வரம்பு மேற்பார்வை வேலைக்கு மட்டும்தான்: பழைய தொழில் தகராறு சட்டத்தில் 10,000 ரூபாய், 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த சட்டத்தில் 18,000 ரூபாய். ஆளை எடுக்க, நீக்க, லீவு அனுமதிக்க, ரேட்டிங் முடிவு செய்ய உங்களுக்கு நிஜமாகவே அதிகாரம் இருந்து, அதுவே உங்கள் பிரதான வேலையாகவும் இருந்தால் நீங்கள் நிர்வாகத்தரப்பு. மற்றபடி பெயரில் மட்டும் மேனேஜர் என்றால் பயப்பட வேண்டாம்.

இது வெறும் வாதம் இல்லை, சென்னையிலேயே நடந்திருக்கிறது. 2015இல் டி.சி.எஸ். நீக்கிய ஒரு பொறியாளர், "இவர் மேனேஜர் நிலையில் இருந்தவர்" என்ற நிறுவனத்தின் வாதத்தை எதிர்த்து ஏழு வருஷம் வழக்கு நடத்தினார். 2022இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் அவரைத் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டு, மீண்டும் வேலையும் இடைப்பட்ட காலத்துக்குச் சம்பளமும் கொடுக்கச் சொன்னது. ஏழு வருஷம் என்பதையும் சேர்த்தே படியுங்கள், நான் மறைக்க விரும்பவில்லை. ஐ.டி. துறையினருக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், சங்கமும் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்திவிட்டது. இருந்தும் கேன்டீனில் இன்னமும் "ஐ.டி.க்கு சட்டமே கிடையாதுப்பா" என்றுதான் பேச்சு.

நிஜமாகவே நிர்வாகத்தரப்பில் இருப்பவர் என்றால் வழி குறுகலானது. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கேட்கலாம், சிவில் நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு கேட்கலாம், வேலையைத் திரும்ப வாங்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், அதாவது மேற்பார்வை பார்ப்பவர், 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம், ஆனால் நிர்வாகப் பதவி இல்லை என்பவர்கள், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவைப் பாருங்கள். அந்தச் சட்டம் பொருந்தும் இடத்தில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கெடு 30 நாள்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

கம்பெனி என்ன செய்திருக்க வேண்டும்?

2025 நவம்பர் 21 முதல் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. எண்கள் மாறியிருக்கின்றன, அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய, காரணத்தைச் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளம் வேண்டும். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடாக வேண்டும். அரசுக்கும் அறிவிப்பு போக வேண்டும். இங்கே 'ஓராண்டு' என்பது 240 நாள், அதில் சம்பளத்தோடு கூடிய வாரவிடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சேரும். பதினோராவது மாதத்தில் எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடும் நிறுவனங்கள் பல நேரம் கோட்டை விடுவது இங்கேதான்.

பணம் வேலையை விட்டு எடுக்கும் அந்த நேரத்திலேயே வர வேண்டும் என்பது முக்கியம். "45 நாளில் செட்டில்மென்ட்டோடு சேர்த்துத் தருகிறோம்" என்பது சட்டத்துக்கு ஒத்துவராது. இது ஆட்குறைப்புக்கு முன்நிபந்தனை. நிறைவேற்றவில்லை என்றால் நீக்கமே செல்லாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மொத்தச் சம்பளம் 80,000, அதில் சட்டப்படி ஊதியம் என்று எண்ணப்படும் பகுதி 40,000, வேலை பார்த்தது 7 வருஷம் 8 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருஷமாக எண்ண வேண்டும், ஆக 8 வருஷம். நஷ்ட ஈடு 20,000 பெருக்கல் 8, அதாவது 1,60,000. நோட்டீஸுக்கு 40,000. உங்கள் ஆஃபர் லெட்டரில் மூன்று மாத நோட்டீஸ், மொத்தச் சம்பளம் என்று இருந்தால் அதையே கேளுங்கள், நீங்கள் விலகும்போது மட்டும் மூன்று மாதம், அவர்கள் எடுக்கும்போது ஒரு மாதம் என்றால் எப்படி? கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, 40,000 பெருக்கல் 15 வகுத்தல் 26 பெருக்கல் 8, சுமார் 1,84,600. இது 30 நாளுக்குள் வர வேண்டும். புதிய சட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மறுதிறன் நிதி என்று 15 நாள் ஊதியத்தை முதலாளி கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் விழ வேண்டும், நம் உதாரணத்தில் 20,000. எல்லாம் சேர்த்தால் நான்கு லட்சத்தைத் தாண்டுகிறது. அதில் கிராஜுவிட்டி ரிசைன் பண்ணினாலும் வரும், ஐந்து வருஷம் முடித்திருந்தால் அது உங்கள் உரிமை. அதையும் 'பேக்கேஜ்' என்று பெருந்தன்மையாக நீட்டினால் ஏமாறாதீர்கள்.

பாக்கிச் சம்பளத்துக்குத் தனிக் கெடு: நீக்கினாலும் சரி, ரிசைன் பண்ணினாலும் சரி, இரண்டு வேலைநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. இது மேனேஜர்களுக்கும் பொருந்தும்.

பிறகு வரிசை. ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் எடுக்க வேண்டும், மாற்றி எடுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் அதே வேலையில் உட்கார்ந்திருக்க உங்களை மட்டும் எடுத்தார்கள் என்றால் அது நல்ல பாயின்ட். எடுத்த ஒரு வருஷத்துக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் உங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். ஆகவே அடுத்த மாதமே அதே பணிக்கு லிங்க்ட்இன்னில் விளம்பரம் வந்தால் திட்டிவிட்டுப் போகாமல், தேதி தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பலர் தவறாக நம்பும் ஒன்று உண்டு, அரசின் முன் அனுமதி. அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டும்தான், அதுவும் 300 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால். பழைய சட்டத்தில் 100. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் பெரிய தொழிற்சாலையில் இருப்பவருக்கு இது பெரிய ஆயுதம், அனுமதி வாங்காமல் எடுத்தால் ஆட்குறைப்பு செல்லாது. ஐ.டி. கம்பெனிக்காரர் மனுவில் இதை எழுதினால் எடுபடாது.

காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரம் கேட்கலாம். வருகைப் பதிவின் நகல் இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது, எனவே ஒவ்வொரு மாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்து காலம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை என்றால் அது ஆட்குறைப்பு ஆகாது. நடுவில் எடுத்தால்தான் கேள்வி. ஆனால் புதிய சட்டத்தில் அவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு.

பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக நீக்குவது, விடுப்புக் காலத்துக்குள் முடியும்படி நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் நேரடியாகவே சட்டவிரோதம். 2015 ஜனவரியில் கர்ப்பிணியாக இருந்த ஓர் ஊழியரை டி.சி.எஸ். நீக்கியபோது சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, நிறுவனம் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. இந்த நிலையில் இருப்பவர்கள் தொழிலாளர் துறையின் சமரசப் பேச்சுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

ரேட்டிங்கைக் காரணம் காட்டினால்? "பி.ஐ.பி.யில் (வேலையில் முன்னேற்றம் காட்டச் சொல்லிக் கொடுக்கும் கெடு) தேறவில்லை, அதனால் எடுக்கிறோம், இது ஆட்குறைப்பு இல்லை" என்பார்கள். சரி, அப்படியானால் அது தண்டனையா? தண்டனை என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை எங்கே, விசாரணை எங்கே? தண்டனை இல்லை என்றால் ஆட்குறைப்பு, நஷ்ட ஈடு எங்கே? இந்த இரண்டில் ஒன்றில் அவர்கள் நின்றாக வேண்டும். முந்தைய மூன்று வருஷ அப்ரைசலில் நல்ல ரேட்டிங் இருந்து, எடுப்பதற்கு ஒரு மாதம் முன்னால் மட்டும் திடீரென்று இறங்கியிருந்தால் அந்தப் பக்கங்களை எடுத்து வையுங்கள்.

ஆதாரம் சேர்ப்பது

லேப்டாப்பை முடக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதனால் வேலை போகும் என்ற வாசனை வந்த அன்றே ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், எல்லாப் பே ஸ்லிப்புகள், அப்ரைசல் கடிதங்கள், உங்கள் அன்றாட வேலையைக் காட்டும் கே.ஆர்.ஏ. (பொறுப்புகளின் பட்டியல்), எச்.ஆரோடு நடந்த சாட், பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றைச் சொந்த இடத்தில் சேமித்துவிடுங்கள். சோர்ஸ் கோடு, வாடிக்கையாளர் விவரம், உள் ரகசியம் எதையும் தொடாதீர்கள். ஒரே ஒரு எக்செல் கோப்பைச் சொந்த மெயிலுக்கு அனுப்பியதைப் பிடித்துக்கொண்டு, ஆட்குறைப்பாக இருந்ததை ஒழுங்கு நடவடிக்கையாக மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

மீட்டிங்கை ஃபோனில் பதிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களே பேசும் உரையாடலைப் பதிவு செய்து நீதிமன்றத்தில் கொடுத்தவர்கள் உண்டு. அதற்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டப்படி ஒரு சான்றிதழும் தர வேண்டும், அதனால் பதிவு செய்த ஃபோனை மாற்றாமல் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் பல நிறுவனங்களின் விதிகளில் பதிவு செய்வதே குற்றம் என்று இருக்கும். என் கருத்தில், நிதானமாக எழுதிய அந்த மாலை மெயில் ஒன்றே பெரும்பாலான வழக்குகளுக்குப் போதும்.

செட்டில்மென்ட் தாளில் "எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட முடிந்தால் நல்லது, விடவில்லை என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். அதற்கும் விடாவிட்டால் அன்றே அதைச் சொல்லி ஒரு மெயில். பணத்தை நேராக வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள் என்றாலும் இதேதான்.

எங்கே போவது

முதல் கதவு தொழிலாளர் துறை. உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆணையரிடம், அதாவது சமரசம் பார்ப்பவரிடம், மனு கொடுக்க வேண்டும். சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம் என்று சொன்னாலே ஆட்டோக்காரருக்குத் தெரியும், தொழிலாளர் ஆணையரகம் அங்கேதான். தனி ஆளின் பணிநீக்கத்தைப் பழைய சட்டத்தின் 2ஏ பிரிவின்கீழ் எழுப்புவார்கள், அந்தப் பேரிலேயே '2ஏ மனு' என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. சங்கம் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை, தனி ஆளாகவே கொடுக்கலாம். தமிழில் எழுதலாம், கட்டணம் கிடையாது. எப்போது சேர்ந்தீர்கள், என்ன வேலை, கடைசிச் சம்பளம், எந்தத் தேதியில் எப்படி எடுத்தார்கள், நோட்டீஸும் நஷ்ட ஈடும் தந்தார்களா, உங்களுக்கு என்ன வேண்டும். இரண்டு பக்கம் போதும். 'மீண்டும் வேலை, பணித்தொடர்ச்சி, முழுப் பின்சம்பளம் (வேலை இல்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம்)' என்று மூன்றையும் கேளுங்கள், கேட்காததை யாரும் கொடுக்கப் போவதில்லை.

சமரசப் பேச்சில் வக்கீல்கள் ஆஜராக முடியாது. இது நமக்கு நல்லதுதான், கம்பெனியும் வக்கீலைக் கொண்டுவர முடியாது. தொழிற்சங்கப் பொறுப்பாளர் ஒருவர் உங்களுக்காகப் பேசலாம். முதல் தேதிக்குக் கம்பெனி வராது, இரண்டாவது தேதிக்கு ஒன்றும் தெரியாத ஒரு ஜூனியர் வந்து அவகாசம் கேட்பார், மூன்றாவது தேதியில்தான் பேச்சே தொடங்கும். சலித்துப் போய்ப் போகாமல் விட்டுவிடாதீர்கள், அவர்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான். என் டீம்காரருக்குத் தொகை கூடியது நீதிமன்றத்தில் இல்லை, இந்த அறையில், ஐந்தாவது அமர்வில்.

சமரசம் 45 நாளில் முடிய வேண்டும் என்பது சட்டம். ஒத்துவரவில்லை என்றால் அதிகாரி முறிவு அறிக்கை கொடுப்பார், அது கைக்கு வந்து 90 நாளுக்குள் நீங்களே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அரசு அனுப்பி வைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலை போன தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் சமரசத்துக்கு வந்துவிட வேண்டும். பழைய சட்டத்தில் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நேராகப் போக மூன்று வருஷம் இருந்தது. 2025 நவம்பருக்கு முன்னால் நீக்கப்பட்டவர்கள் அந்த மூன்று வருஷக் கணக்கை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? நீக்கம் தவறு என்று முடிவானால் மீண்டும் வேலையும் முழுப் பின்சம்பளமும்தான் சாதாரணமாகக் கிடைக்க வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. ஆனால் குறைந்த காலமே வேலை பார்த்தவருக்கு, அல்லது விதிமுறையில் மட்டும் தவறு நடந்த இடத்தில், மொத்தமாக ஒரு தொகையோடு முடித்துவிடும் தீர்ப்புகளும் நிறைய. வழக்கு நடக்கும்போது வேறு வேலைக்குப் போகலாமா என்றால், போங்கள், குடும்பம் ஓட வேண்டாமா? ஆனால் அந்தச் சம்பளத்தை மறைக்காதீர்கள், பின்சம்பளக் கணக்கில் அது கழியும். மறைத்தது தெரிந்தால் மொத்த வழக்கும் கெடும்.

அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பு பற்றிய பயம்தான் பலரைக் கையெழுத்துப் போட வைக்கிறது, என்னையும் போட வைத்தது. நான் பார்த்தவர்களில், 'ஆட்குறைப்பு' என்று எழுதிய கடிதத்தோடு போனவர்களை எந்த நிறுவனமும் அதற்காகத் திருப்பி அனுப்பியதில்லை. அது ஒழுங்கீனம் இல்லை என்று எச்.ஆர். ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். சமரசத்தில் உடன்பாடு வந்தால் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் எந்த வாசகத்தோடு வர வேண்டும் என்பதை உடன்பாட்டிலேயே எழுதிவிடுங்கள், தொகையைப் பேசும் அவசரத்தில் இதை மறந்துவிடுவார்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினரோடு தொழிலாளர்களும் இருக்கிறார்கள். 15100 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் மாவட்ட அலுவலகத்தைச் சொல்வார்கள். டி.எம்.எஸ்.க்குப் போகும்போது மனு நான்கு பிரதி, எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு ஜெராக்ஸ், உங்கள் பிரதியில் தேதியோடு ஒப்புகை முத்திரை. முத்திரை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.